கதிர்வீச்சும் எதிர்ப்பு சக்தியும் - சேர்த்தால் மட்டும் போதுமா?

அரசு ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவுக்கு வெளியே பத்து நிமிடம் நின்றால் போதும், "கரண்ட் வைக்கிறாங்க" என்ற பேச்சு காதில் விழாமல் இருக்காது. எத்தனை கரண்ட் எழுதியிருக்கிறார்கள், எத்தனை முடிந்தது, இன்னும் எத்தனை பாக்கி என்று நோயாளிகளின் உறவினர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். இந்தக் கரண்ட் மின்சார வாரியம் தருவது அல்ல. ரேடியோதெரபி எனப்படும் கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர். 1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே அதைப் புற்றுநோய்க் கட்டிகள் மேல் பாய்ச்சிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆக, கிட்டத்தட்ட 130 வயதான வைத்தியம் இது.

இந்தப் பெரியவருக்குப் பக்கத்தில் இப்போது ஒரு புதுப்பணக்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறார். பெயர் இம்யூனோதெரபி. உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிட்டு, அதைக்கொண்டே புற்றுநோயை அடிக்கும் முறை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்ற யோசனை யாருக்கும் வரும். வந்தது. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். கிடைத்த விடைதான் விசித்திரமானது. சில இடங்களில் பிரமாதமான வெற்றி, பல இடங்களில் தோல்வி, ஓரிரு இடங்களில் சும்மா இருந்ததைவிட மோசம்!

ஏன் இப்படி? சாம்பாரும் நல்லது, பாயசமும் நல்லது. அதற்காக இரண்டையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பார்களா? இலையில் எதற்குப் பிறகு எது என்று ஒரு கணக்கு உண்டு. புற்றுநோய் வைத்தியத்தில் அந்தக் கணக்கைப் பார்க்காமலே பல பெரிய ஆய்வுகளைத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் குற்றச்சாட்டு.

முதலில் இம்யூனோதெரபி என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நம் ரத்தத்தில் டி செல்கள் என்று ஒரு வகை வெள்ளை அணுக்கள் உண்டு. கிருமி புகுந்த செல்லையும், கெட்டுப்போன செல்லையும் கண்டுபிடித்துக் கொல்வது இவற்றின் வேலை. இந்தப் போலீஸ்காரர்கள் அளவுக்கு மீறிப் போய் நல்ல செல்களையும் அடித்துவிடக் கூடாது என்பதற்காக உடம்பே இவற்றுக்கு பிரேக் வைத்திருக்கிறது. புற்றுநோய்க் கட்டி செய்யும் தந்திரம், அந்த பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்வது. போலீஸ் எதிரிலேயே நிற்கும், ஆனால் கையை ஓங்காது. அந்தக் காலை பிரேக்கிலிருந்து எடுத்துவிடும் மருந்துகள்தான் இன்றைக்கு இம்யூனோதெரபி என்று பெரும்பாலும் சொல்லப்படுபவை. இபிலிமுமாப் 2011-லும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இந்த பிரேக்குகளை எடுத்துவிட்டால் புற்றுநோயை அடிக்கலாம் என்று காட்டிய ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதெல்லாம் நேற்றைய யோசனை என்று நினைத்துவிட வேண்டாம். நியூயார்க்கில் வில்லியம் கோலி (கிரிக்கெட் கோலி அல்ல!) என்ற அறுவை மருத்துவர் 1891-லேயே புற்றுநோயாளிக்கு பாக்டீரியாவை ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தார். கடுமையான தோல் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்த ஒரு நோயாளிக்குக் கழுத்துக் கட்டி தானாகவே கரைந்துபோயிருந்த கேஸைப் பழைய பதிவேட்டில் படித்துவிட்டுத்தான் இந்தத் துணிச்சல். அவர் வேலை பார்த்த அதே மருத்துவமனையில் ஜேம்ஸ் யூயிங் என்ற நோய்க்குறியியல் நிபுணர் ரேடியத்தின் பக்தர். கோலியின் முறையில் அவருக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. கதிர்வீச்சு ஜெயித்தது, கோலியின் முறை மறக்கப்பட்டது. இன்றைக்கு ஒன்று சேர்க்கப் பார்க்கும் இரண்டு வைத்தியங்களும் நூறு வருடத்துக்கு முன்னால் ஒரே கூரையின் கீழ் முறைத்துக்கொண்டு நின்றவை. இத்தனைக்கும் கோலி தானும் எக்ஸ்-கதிர்களைப் பயன்படுத்திப் பார்த்தவர்தான்.

சரி, கதிர்வீச்சுக்கும் எதிர்ப்பு சக்திக்கும் என்ன சம்பந்தம்? கதிர் பட்டால் புற்றுநோய் செல்லின் டி.என்.ஏ. உடையும், செல் சாகும், அவ்வளவுதான் என்றே வெகுகாலம் பாடம் நடந்தது. இது பாதி உண்மை. 1979-ல் ஸ்டோன், பீட்டர்ஸ், மிலாஸ் மூவரும் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சாதாரண எலிகளின் கட்டிகளில் பாதியை அழிக்க 30 கிரே போதுமாக இருந்தது. (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு.) டி செல்கள் இல்லாமல் செய்யப்பட்ட எலிகளுக்கு அதே வேலையைச் செய்ய 64.5 கிரே தேவைப்பட்டது. இரண்டு மடங்குக்கும் மேல்! அதாவது கதிர் தனியாக வேலை செய்யவில்லை. யாரும் கூப்பிடாமலே டி செல்கள் வந்து பாதி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. கதிரியக்க மருத்துவர்கள் அந்தப் பெருமையை முழுதாகத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

அது எப்படி நடக்கிறது என்பது பிறகு மெல்ல மெல்லத் தெரியவந்தது. கதிர் பட்டு உடைந்த செல், தன் உள்ளே இருக்கும் சரக்கையெல்லாம் வெளியே கொட்டுகிறது. செல்லுக்குள்ளே இருக்கக் கூடாத இடத்தில் டி.என்.ஏ. துண்டுகள் சிதறுகின்றன. அதைப் பார்த்த செல், வைரஸ்தான் புகுந்துவிட்டது என்று நினைத்து அபாயச் சங்கை ஊதுகிறது. சங்குச் சத்தம் கேட்டுக் காவல் செல்கள் வருகின்றன. கொட்டிக் கிடக்கும் புற்றுநோய்த் துணுக்குகளை எடுத்துக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. (காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் "நெறி கட்டிடுச்சு" என்கிறோமே, அந்த இடம்தான்.) அங்கே டி செல்களிடம் "இதுதான் ஆள், பார்த்துக்கொள்" என்று அடையாளம் காட்டுகின்றன. டி செல்கள் பெருகிக் கட்டியை நோக்கிக் கிளம்புகின்றன. இந்த நிணநீர்க் கணு விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்தக் கதையின் மிகக் கவர்ச்சியான பகுதி ஒன்று உண்டு. ஒரு கட்டிக்குக் கதிர் கொடுத்தால், கதிர் படாத வேறொரு இடத்துக் கட்டியும் சுருங்குவது. 1953-ல் இங்கிலாந்தில் மோல் என்பவர் இதற்கு 'அப்ஸ்கோபல்' விளைவு என்று பெயர் வைத்தார். லத்தீனையும் கிரேக்கத்தையும் ஒட்டவைத்துச் செய்த சொல். குறிக்கு அப்பால் என்று பொருள். மாங்காய் மேல் கல் எறிந்தால் அடுத்த தோப்பில் மாங்காய் விழுவது மாதிரி! 2004-ல் சான்ட்ரா டெமாரியாவின் குழு, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் ஒரு பொருளைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்து, இந்த விளைவை எலிகளில் வரவழைத்தது. டி செல்கள் இல்லாத எலிகளில் அது வரவில்லை. ஆக, மாயம் ஒன்றும் இல்லை, டி செல்கள்தான் காரணம்.

பிறகு 2012-ல் நியூயார்க்கிலிருந்து ஒரு நோயாளியின் கதை வெளியானது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உடலெங்கும் பரவியிருந்த பெண். இபிலிமுமாப் எடுத்துக்கொண்டிருந்தும் நோய் மெதுவாக வளர்ந்துகொண்டே போனது. முதுகெலும்புக்குப் பக்கத்தில் இருந்த கட்டி வலி கொடுத்ததால், அந்த ஓர் இடத்துக்கு மட்டும் மூன்று தவணையில் 28.5 கிரே கொடுத்தார்கள். வலி குறைப்பதற்காகத்தான். சில மாதங்களில் அந்தக் கட்டி மட்டுமல்ல, கதிரே படாத மண்ணீரல் கட்டிகளும் மார்புக்குள் இருந்த கணுக்களும் சுருங்கின. ரத்தத்தில் புற்றுநோய்க்கு எதிரான எதிர்ப்பொருள் கூடியிருந்ததையும் அளந்து காட்டினார்கள்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? மாநாடு தோறும் இதே பேச்சு. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 1969 முதல் 2014 வரை, கதிர்வீச்சு மட்டும் கொடுத்து அப்ஸ்கோபல் விளைவு தெரிந்ததாக மருத்துவ இதழ்களில் வெளியான கேஸ்களை ஒருவர் விடாமல் தேடி எண்ணினார்கள். மொத்தம் 46. இந்த 45 வருடத்தில் உலகம் முழுக்கக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவர்கள் கோடிக்கணக்கில்! கோடியில் ஒரு சிலருக்கு அடிக்கும் லாட்டரியை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது.

மருந்தும் சேர்ந்தால் அந்த லாட்டரி அடிக்கடி விழுமா என்றும் சோதித்தார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய் பரவியிருந்த 62 பேருக்கு நடந்த ஆய்வில், பாதிப் பேருக்கு நிவோலுமாப் மட்டும், மீதிப் பேருக்கு நிவோலுமாபோடு ஒரு கட்டிக்குக் கதிரும். கதிர் படாத கட்டிகள் சுருங்கியது மருந்து மட்டும் எடுத்தவர்களில் 34.5 சதவீதம், கதிரும் சேர்ந்தவர்களில் 29 சதவீதம். 2021-ல் இது வெளியானது. அதே வருடம் நுரையீரல் புற்றுநோயில் இரண்டு சிறிய ஆய்வுகளைச் சேர்த்து 148 பேரைக் கணக்குப் பார்த்தபோது, பெம்ப்ரோலிசுமாப் மட்டும் எடுத்தவர்களில் 19.7 சதவீதமும், கதிரும் சேர்ந்தவர்களில் 41.7 சதவீதமும் பலன் கண்டார்கள். இதை நம்புவதா, அதை நம்புவதா? இரண்டுமே சின்ன ஆய்வுகள். சின்ன ஆய்வுகளை வைத்துப் பெரிய மாளிகை கட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஆரம்ப நிலை நுரையீரல் புற்றுநோயில் குறிபார்த்துக் கொடுக்கும் கதிர்வீச்சோடு நிவோலுமாப் சேர்த்தால், நான்கு வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 53-லிருந்து 77 சதவீதம் ஆனதாக 2023-ல் ஒரு நடுத்தர அளவு ஆய்வு சொன்னது. எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். அதே யோசனையைப் பெம்ப்ரோலிசுமாபோடு பெரிய அளவில் சோதித்த கீநோட்-867 ஆய்வு, பலன் தெரியவில்லை என்று 2024-ல் பாதியில் நிறுத்தப்பட்டது.

இவ்வளவு சந்தேகம் இருந்தாலும் ஓர் இடத்தில் மட்டும் கேள்விக்கு இடமில்லாத வெற்றி கிடைத்தது. அதற்கும் தூரத்துக் கட்டிக்கும் சம்பந்தமே இல்லை. அறுவை செய்ய முடியாத மூன்றாம் நிலை நுரையீரல் புற்றுநோய்க்கு வழக்கமான வைத்தியம், கீமோவும் கதிர்வீச்சும் ஒன்றாக. அது முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். வருடக்கணக்கில் இதில் எந்த முன்னேற்றமும் இல்லை. பசிஃபிக் என்ற ஆய்வில் 713 பேரைச் சேர்த்து, கதிர்வீச்சு முடிந்து ஆறு வாரத்துக்குள் துர்வாலுமாப் என்ற மருந்தை ஆரம்பித்து ஒரு வருடம் கொடுத்தார்கள். ஒப்பீட்டுக்கு இன்னொரு பிரிவுக்கு வெறும் ஊசி. 2017-ல் முதல் முடிவு வந்தது. நோய் முற்றாமல் இருந்த காலம் 5.6 மாதத்திலிருந்து 16.8 மாதம். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, வெறும் ஊசிப் பிரிவில் உயிரோடு இருந்தவர்கள் 33.4 சதவீதம், மருந்துப் பிரிவில் 42.9 சதவீதம். நூறு பேரில் கூடுதலாக ஒன்பது பத்துப் பேர் வீட்டில் இருக்கிறார்கள். நுரையீரல் வீக்கம் என்ற பக்க விளைவு கொஞ்சம் கூடியது, ஆனால் கடுமையான வீக்கம் பெரிதாகக் கூடவில்லை.

இங்கேதான் சறுக்கல் ஆரம்பம். பிறகு கொடுத்தாலே இவ்வளவு பலன் என்றால், கூடவே கொடுத்தால் இன்னும் எவ்வளவு! என்று நினைத்தார்கள். துர்வாலுமாபைக் கதிர்வீச்சின் முதல் நாளிலிருந்தே கொடுத்த பசிஃபிக்-2 ஆய்வு தோல்வி என்று 2023 கடைசியில் அறிவிப்பு வந்தது. தலை, கழுத்துப் புற்றுநோயில் 697 பேருக்கு அவெலுமாபைக் கதிர்வீச்சோடு கொடுத்த ஜாவெலின் ஆய்வு, வேலைக்கு ஆகாது என்று 2020-ல் நிறுத்தப்பட்டது. முடிவுகளைப் பார்த்தால் மருந்து இல்லாத பிரிவுதான் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கிறது! அதே நோயில் பெம்ப்ரோலிசுமாபை 804 பேரிடம் சோதித்த கீநோட்-412-ம் 2022-ல் இலக்கைத் தொடவில்லை. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயில் 770 பேரைச் சேர்த்த காலா ஆய்வும் அதே வருடம் அதே கதி.

எல்லாவற்றையும்விடத் தெளிவான சாட்சி, சிறு செல் நுரையீரல் புற்றுநோய். இது வேகமாகப் பரவும் கொடூரமான வகை. மார்புக்குள் மட்டும் இருக்கும் நிலையில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. இரண்டின் முடிவுகளும் 2024-ல் வந்தன. ஒன்றில் அடெசோலிசுமாபைக் கதிர்வீச்சு, கீமோவோடு சேர்த்தே ஆரம்பித்து, பிறகும் தொடர்ந்தார்கள். பலன் இல்லை. ஏட்ரியாட்டிக் என்ற இன்னொன்றில் கதிர்வீச்சு, கீமோ எல்லாம் முடிந்த பிறகு துர்வாலுமாப். நோயாளிகளில் பாதிப் பேர் உயிரோடு இருக்கும் காலம் 33.4 மாதத்திலிருந்து 55.9 மாதத்துக்கு உயர்ந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதல்! மருந்து வேறு, ஆட்கள் வேறு, ஏட்ரியாட்டிக்கில் சேர்ந்தவர்கள் கதிர்வீச்சைத் தாங்கி, நோய் முற்றாமல் வந்தவர்கள் மட்டும். இந்த வாதத்தில் நியாயம் உண்டு, இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனால் நுரையீரலில் இரண்டு தடவை, இரண்டு வேறு வகைப் புற்றுநோயில், பிறகு கொடுத்தது ஜெயித்து, கூடவே கொடுத்தது தோற்றால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிட மனம் வருமா?

காரணம் என்னவாக இருக்கும்? இப்போது அந்த நிணநீர்க் கணுவுக்கு வருவோம். உடம்பிலேயே கதிர்வீச்சுக்கு மிக எளிதாகச் சாகும் செல்களில் டி செல்லும் ஒன்று. புற்றுநோய்க் கட்டியைக் கொல்ல 60, 70 கிரே தேவைப்படும்போது, சுற்றித் திரியும் டி செல்லைக் கொல்ல ஓரிரு கிரே போதும். தலை, கழுத்துப் புற்றுநோயில் கட்டிக்கு மட்டும் கதிர் கொடுப்பதில்லை. நோய் ஒளிந்திருக்கலாம் என்ற பயத்தில் கழுத்தின் இருபக்கக் கணுக்களுக்கும் ஆறேழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கொடுப்பார்கள். டி செல்கள் பாடம் படிக்கும் பள்ளிக்கூடமே அந்தக் கணுக்கள்தான். ஒரு பக்கம் பள்ளிக்கூடத்தின் மேல் தினமும் குண்டு போட்டுக்கொண்டு, இன்னொரு பக்கம் பையன்களுக்கு டானிக் வாங்கிக் கொடுத்தால் எப்படிப் பாஸ் ஆவார்கள்? எலிகளில் கணுக்களையும் சேர்த்துக் கதிர் கொடுத்தபோது கூட்டுச் சிகிச்சையின் பலன் குறைந்ததை 2018-லேயே காட்டியிருக்கிறார்கள்.

தினம் எவ்வளவு கொடுப்பது என்பதும் இருக்கிறது. இன்றைக்கும் வழக்கமான தவணை நாளுக்கு 2 கிரே சுற்றித்தான். நல்ல திசுக்கள் தேறிக்கொள்ளட்டும் என்று பல பத்தாண்டு அனுபவத்தில் வந்த அளவு அது, டி செல்லைக் கேட்டு வைத்தது அல்ல. 2009-ல் எலிகளில் ஒரே தடவை 20 கிரே, மூன்று தடவை 8 கிரே, ஐந்து தடவை 6 கிரே என்று ஒப்பிட்டார்கள். மருந்தோடு சேர்ந்து தூரத்துக் கட்டியை நன்றாகச் சுருக்கியது மூன்று தடவை 8 கிரேதான். ஒரேயடியாக அதிகம் கொடுத்தால், செல்லுக்குள் சிதறிய டி.என்.ஏ. துண்டுகளைத் துடைத்தெடுக்கும் ஓர் என்சைம் கிளம்பிவிடுகிறது, அபாயச் சங்கு ஊதுவதே இல்லை என்று 2017-ல் விளக்கமும் கிடைத்தது. எலிக்குப் பொருந்துவது மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு தெரிந்திருந்தும் பெரிய ஆய்வுகளில் கதிர்வீச்சை வழக்கம்போல அப்படியே விட்டுவிட்டு மேலே மருந்தை மட்டும் தூவினார்கள் என்பதுதான் வருத்தம். கட்டம் போட்டவர்கள் கம்பெனிக்காரர்கள். அவர்களுக்கு மருந்துதான் பொருள். கதிர்வீச்சு என்பது ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் இருக்கும் மேஜை நாற்காலி மாதிரி.

உடனே ஒரு கேள்வி வரும். கூடவே கொடுத்தும் ஜெயித்த ஆய்வு இல்லையா? இருக்கிறது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயில் கீநோட்-ஏ18. நோய் அதிகம் முற்றிய 1060 பெண்களுக்குக் கதிர்வீச்சு, கீமோவோடு பெம்ப்ரோலிசுமாபையும் சேர்த்து ஆரம்பித்தார்கள். மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 74.8-லிருந்து 82.6 சதவீதமானார்கள். 2024-ல் வந்த இந்த முடிவை மறுக்க முடியாது. ஆனால் இந்தப் பெண்களுக்குக் கதிர்வீச்சின்போது ஐந்து ஊசி, முடிந்த பிறகு பெரிய அளவில் பதினைந்து ஊசி. மொத்தம் இரண்டு வருடம். இருபதில் வேலை செய்தது முன்னால் போட்ட ஐந்தா, பின்னால் போட்ட பதினைந்தா? ஆய்வை வடிவமைத்த விதத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க வழியே இல்லை. இன்னொரு பக்கம் 2025-ல் வந்த கீநோட்-689 வேறு ஒரு வழி காட்டுகிறது. தலை, கழுத்துப் புற்றுநோயில் அறுவைக்கு முன்பே, அதாவது கட்டியும் கணுக்களும் முழுசாக இருக்கும்போதே, இரண்டு ஊசி பெம்ப்ரோலிசுமாப். பிறகு அறுவை, அதற்கும் பிறகு கதிர்வீச்சும் மீதி மருந்தும். நோய் திரும்பாத காலம் 30.4 மாதத்திலிருந்து 51.8 மாதம். கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்தபோது அதே மருந்து தோற்ற அதே நோயில்! பள்ளிக்கூடம் இடிவதற்கு முன்பே பாடம் நடத்திவிட்டார்கள் என்று இதைப் புரிந்துகொள்வதில் தவறில்லை.

பின்னால் கொடுக்கலாம், முன்னால் கொடுக்கலாம், நடுவில் யோசிக்க வேண்டும். இது வெறும் அறிவியல் விவாதமாக இருந்தால் நிபுணர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் ஒவ்வொரு ஊசிக்கும் யாரோ பணம் கட்டுகிறார்கள். இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் 1.2 லட்சம் பெண்களுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் வருகிறது. பெரும்பாலும் ஏழைகள், கிராமத்துப் பெண்கள், முற்றிய பிறகு வருபவர்கள். கீநோட்-ஏ18 யாருக்காக நடந்ததோ கிட்டத்தட்ட அவர்களேதான். பெம்ப்ரோலிசுமாப் ஓர் ஊசியின் பட்டியல் விலையே லட்சங்களில். இருபது ஊசி! அந்த ஐந்து ஊசி தேவையில்லை என்று தெரிந்தால் மிச்சமாவது காகிதத்தில் எழுதும் எண்ணல்ல, ஒரு குடும்பத்தின் நிலம்.

இதே நோயில் இன்னொரு ஆய்வு நடந்தது, பெரும்பாலானவர்கள் கவனிக்கவில்லை. பெயர் இன்டர்லேஸ். புது மருந்தே கிடையாது. கதிர்வீச்சுக்கு முன்னால் ஆறு வாரம், வாரம் ஒரு முறை கார்போபிளாட்டினும் பாக்லிடாக்சலும். இரண்டும் காப்புரிமை முடிந்து, எந்த ஊரிலும் கிடைக்கும் பழைய கீமோ மருந்துகள். இங்கிலாந்து, மெக்சிகோ, இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் 500 பெண்கள். ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் 72-லிருந்து 80 சதவீதம். இந்த 500 பேரும் அந்த 1060 பேரும் ஒரே மாதிரி நோயாளிகள் அல்ல, எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஆனாலும், வரிசையை மட்டும் மாற்றிக் கைக்கெட்டும் விலையில் எட்டு சதவீதம் கிடைத்த செய்திக்குக் கிடைத்த கைதட்டல், லட்சங்களில் விலை உள்ள மருந்துக்குக் கிடைத்ததில் கால்வாசிகூட இல்லை. இன்டர்லேஸுக்கு விளம்பரம் செய்ய யார் இருக்கிறார்கள்?

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு, உள்ளே வைக்கும் கதிர்வீச்சையும் சேர்த்து, எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் பலன் குறையும் என்பது பல வருடங்களாகத் தெரிந்த விஷயம். மெஷின் ரிப்பேர், கூட்டம், பஸ் செலவுக்குப் பணம் இல்லை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இதனாலேயே பாதியில் நிற்பவர்கள் எத்தனை பேர்! இருபது ஊசிக்குப் பணம் ஒதுக்கச் சொல்லும் முன், இருபத்தைந்து கரண்டையும் இடைவெளி இல்லாமல் முடிக்க வழி செய்யுங்கள் என்று கேட்பது பிற்போக்குத்தனம் அல்ல. எதிர்ப்பு சக்தியை எழுப்ப வேண்டிய கதிர்வீச்சே ஒழுங்காகப் போய்ச் சேராதபோது, அதன் தோளில் ஏறிவரும் மருந்து எங்கே போய்ச் சேரும்?

இதற்கு அர்த்தம் இம்யூனோதெரபி நமக்கு வேண்டாம் என்பது இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒரு துணிச்சலான கேள்வி கேட்டது. நிவோலுமாபின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். அவ்வளவு தேவைதானா? முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 151 பேரில் ஒரு பிரிவுக்கு, விலை குறைந்த மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். வழக்கமான அளவில் பதினெட்டில் ஒரு பங்கு. ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை மட்டும் எடுத்த பிரிவில் 16.3 சதவீதம், இதில் 43.4 சதவீதம். அது கதிர்வீச்சு சேராத ஆய்வு. ஆனால் அந்தக் கேள்வியைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கேட்பதற்கு இந்தியாவைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. குறைந்த அளவு மருந்து, கதிர்வீச்சு முடிந்த பிறகு, எத்தனை வாரம் கழித்து, எத்தனை மாதம்? கணுக்களை எந்த அளவுக்கு விட்டுவைக்கலாம்? விலை குறைவதற்காக நடக்கும் ஆய்வுக்கு எந்தக் கம்பெனியும் பணம் போடாது, போட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. பெம்ப்ரோலிசுமாபின் முக்கியமான அமெரிக்கக் காப்புரிமை 2028-ல் முடிகிறது. அதற்குப் பிறகு மலிவான நகல்கள் வரிசை கட்டி வரும். அவை வந்து சேரும் நாளில் எப்போது, எவ்வளவு என்பதற்கான விடை கையில் இருக்க வேண்டுமானால், அரசு ஆய்வு நிதியிலிருந்து அந்தச் செலவு இந்த வருடமே தொடங்க வேண்டும்.